மேட்ச் அன்று காலையில் வெயிட் எடுக்கலாமா?

தம்பி, நீ கேட்டது இது. தங்கச்சிமடத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாய். பள்ளிக் கபடி அணியில் ரெய்டர் (பாடிப் போகிறவன்), எடை 60 கிலோ, எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறாய். ஜிம் மாஸ்டர், "மேட்ச் அன்னிக்கு காலையில கனமா நாலு ஸ்குவாட் போட்டுட்டுப் போ, கால் பறக்கும்" என்கிறார். பள்ளியில் பி.டி. சார், "அன்னிக்கு இரும்பைத் தொட்டா டீம்ல இடம் கிடையாது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். சில நாள் விடியற்காலையில் அப்பாவோடு கரைவலை (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்கவும் போவேன் என்று. என் பதிலில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான்.

நான் இந்தக் கரையில் இருபத்தேழு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். கபடிக்கும் வாலிபாலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

முதலில் உனக்கான பதில். ஆட்டம் மாலையில், அதுவும் ஒரே ஓர் ஆட்டம்தான் என்றால், ஏற்கெனவே நன்றாகப் பழகிய ஒரு பயிற்சியைக் காலையில் கொஞ்சமாகச் செய்யலாம். கெடுதல் இல்லை, சிறிது நன்மைகூட உண்டு. ஆட்டம் காலையில் என்றால் வேண்டாம். ஒரே நாளில் மூன்று ஆட்டம் என்றாலும், இரவில் விளக்கொளியில் நடக்கும் மின்னொளிக் கபடி என்றாலும் வேண்டாம். அன்றைக்கோ முந்தின நாளோ வலை இழுத்திருந்தால் நிச்சயமாக வேண்டாம். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், மேலே எதுவும் விசாரிக்காமல் "தொடாதே" என்று சொல்லியிருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்குவாட்டில், கனமான பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புத் தண்டை, தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது நரம்பு விழித்துக்கொள்கிறது, தசை களைக்கிறது, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. தொடையில் இருக்கும் தசைநார்கள் எல்லாவற்றையும் மூளை எப்போதும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நடக்கவும் படியேறவும் சைக்கிள் மிதிக்கவும் சின்ன நார்களே போதும். பெரிய, வேகமான நார்கள் எழுந்து வர வேண்டுமென்றால் சுமை கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அசைவு மின்னல் மாதிரி இருக்க வேண்டும். போனஸ் கோட்டுக்கு மேல் காலை நீட்டிவிட்டு, எதிரணியில் ஓரத்தில் நிற்கும் கார்னர்காரன் கணுக்காலைப் பிடிக்க வருவதற்குள் உடம்பை இழுத்துக்கொள்கிறாயே, அந்த நொடியில் உனக்கு உழைப்பவை அந்தப் பெரிய நார்கள்தான். காலையில் அவற்றை ஒருமுறை எழுப்பிவிட்டால், சில மணி நேரம் கழித்தும் அதில் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது.

களைப்பின் கணக்கு வேறு. விழிப்பு பெரும்பாலும் எடையின் கனத்தால் வருகிறது, களைப்பு பெரும்பாலும் எண்ணிக்கையால் வருகிறது. ஐந்து தடவை எடுக்கக்கூடிய எடையை இரண்டே தடவை எடுத்துவிட்டு ஸ்டாண்டில் வைத்துவிட்டால், தசையின் உடனடிச் சக்தி மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அதையே எடையைக் குறைத்துக்கொண்டு, பன்னிரண்டு, பதினைந்து என்று தொடை நடுங்கும்வரை ஐந்து செட் போட்டால், தசைக்குள் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்ற எரிபொருள் கரைகிறது. நன்றாகச் சாப்பிட்டால்கூட அது முழுதாக நிரம்ப ஒரு நாள் ஆகும். குதிக்கும் உயரமும் ஓடும் வேகமும் ஒன்றிரண்டு நாள் குறைந்தே இருக்கும். நம் தென்மாவட்டக் கிராமங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்திருப்பாய். ஒருமுறை தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பான். அவனைப் பதினைந்து தடவை தூக்கச் சொல்வார் யாரும் இல்லை. மேட்ச் நாள் காலைக்கு அந்த முறைதான் சரி.

உன் இரண்டு ஆசான்களும் எதிரெதிராகப் பேசுவதற்குக் காரணமும் இதுதான். ஜிம் மாஸ்டர் மனதில் இருப்பது இரண்டு தடவை எடுத்துவிட்டு வைக்கிற தூக்கு. பி.டி. சார் கண்ணால் பார்த்தது, கண்ணாடி முன்னால் நின்று கை வீங்க டம்பெல் அடித்துவிட்டு மைதானத்துக்கு வந்து, இரண்டாவது பாதியில் மூச்சு வாங்கி நிற்கிற பிள்ளைகளை. பன்னிரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஒட்டுமொத்தமாகத் தடை போடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நானும் பல வருஷம் அதையே செய்தேன்.

காலையில் தூக்குவது மாலை ஆட்டத்துக்கு உதவும் என்பது வெறும் ஜிம் பேச்சும் இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ரக்பி ஆட்டக்காரர்கள் காலையில் கனமாக ஸ்குவாட்டும் பென்ச் பிரஸ்ஸும் செய்த நாட்களில், மாலை ஓட்டமும் குதிப்பும் எதுவும் செய்யாத நாளைவிட நன்றாக இருந்தன. ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் காலையில் கூடுதலாக இருந்து பொழுது சாயச் சாயக் குறையும். காலையில் எடை தூக்கிய நாளில் அந்தச் சரிவு குறைவாக இருந்ததையும் பார்த்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனி. அவர்கள் வளர்ந்த ஆண்கள், வருஷக்கணக்காக எடை தூக்கிப் பழகியவர்கள், அதற்கேற்பச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள். பலம் ஏற ஏறத்தான் இந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கிறது. பலம் குறைந்தவனுக்கு விழிப்பைக் களைப்பு தின்றுவிடும். எட்டு மாதம் பழகிய நீ நடுவில் நிற்கிறாய். அதனால்தான் "கொஞ்சமாக" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்.

என் கையால் நடந்த தவறு ஒன்று உண்டு. குறுவட்டப் போட்டிக்கு முந்தின நாள் ஆறு பிள்ளைகள் பயிற்சிக்குத் தாமதமாக வந்தார்கள். கோபத்தில் ஆளுக்கு நூறு பஸ்கி (வெறும் உடம்போடு உட்கார்ந்து எழுவது) போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பேருந்திலிருந்து இறங்கும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார்கள். எங்கள் நல்ல ரெய்டர் நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது தொடை மடங்காமல் நின்ற இடத்திலேயே பிடிபட்டான். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். அந்த நூறில் இரும்பு ஒரு கிலோகூட இல்லை, வெறும் உடம்பின் எடைதான். அந்த ஆறு பேரிடமும் பேருந்திலேயே மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் உழைத்த பிள்ளைகள் அவர்கள். அந்த நாளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பழகாத வேலை செய்த தசையில் நுண்ணிய சேதம் உண்டாகும். அதன் வலி அப்போதே வராது. அரை நாள், ஒரு நாள் கழித்துத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். உட்காரும்போது, இறங்கும்போது, சுமையை மெதுவாகக் கீழே விடும்போது தசை நீண்டுகொண்டே இழுக்குமே, அந்த வேலையில்தான் வலி அதிகம் வரும். ஆக, ஆபத்து மேட்ச் நாள் காலையைவிட அதற்கு முந்தின இரண்டு நாட்களில்தான் கூடுதல். "நேத்து புதுசா லஞ்சஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்குவது) போட்டேன் சார், வலியே இல்லை" என்று ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை சொன்னால் எனக்குச் சனிக்கிழமையை நினைத்துக் கவலை வரும். போட்டி வாரத்தில் புதுப் பயிற்சி எதையும் தொடாதே. யார் சொன்னாலும் சரி, யூடியூபில் யார் செய்து காட்டினாலும் சரி.

இப்போது கரைவலைக்கு வருகிறேன். ஜிம்மில் எடுத்தால்தான் வெயிட் என்று நீ நினைக்கிறாய். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இடுப்புக் கயிற்றை வலையின் பெருங்கயிறான வடத்தில் மாட்டிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து சாய்ந்து, மீன் சேரும் மடி கரைக்கு வரும்வரை இழுக்கிறாய். ஒரு பாடு, அதாவது ஒருமுறை வலை போட்டு இழுப்பது, முடிய மணிக்கணக்கில் ஆகும். தொடை, கெண்டைக்கால், இடுப்பு, முதுகு, முன்கை, கபடிக்கு வேண்டிய அத்தனை தசையும் அதில் வேலை செய்கிறது. எடை நடுத்தரம், எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். நான் மேலே சொன்ன களைப்புக் கணக்கில் இதைவிட மோசமான மேட்ச் நாள் பயிற்சியை யாராலும் எழுதித் தர முடியாது. காலை ஐந்து மணிக்கு ஒரு பாடு இழுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு ஜிம்மில் ஸ்குவாட்டும் போட்டுவிட்டு, நான்கு மணிக்கு மைதானத்தில் இறங்கினால், உன் கால் அன்றைக்கு மூன்றாவது ஷிஃப்டுக்குப் போகிறது என்று அர்த்தம். டீசல் கேன், ஐஸ் பெட்டி தூக்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வலைக்கே போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுப் பிழைப்பு அது. அந்தக் கயிறு உன் பிடிக்குக் கொடுத்திருக்கும் பலத்தை எந்த ஜிம்மும் கொடுத்திருக்காது. போட்டிக்கு முந்தின இரண்டு நாளும் போட்டி நாளும் மட்டும் கயிற்றிலிருந்து விடுப்பு கேள். மீன் பிரிக்கிறேன், வலை காயப்போடுகிறேன் என்று இலேசான வேலையை வாங்கிக்கொள். அப்பாவுக்குப் புரிய வைப்பது கஷ்டமில்லை. முந்தின நாள் முழுக்க இழுத்தவனை அடுத்த நாள் முன்கயிற்றில் நிறுத்தினால் எப்படி இழுப்பான் என்று அவருக்குத் தெரியாதா? அதே நியாயம்தான் என்று சொல். உன் வகுப்பில் வாலிபால் ஆடும் பெண்பிள்ளைகள் யாராவது வீட்டோடு பாசி வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல். கடற்பாசி மிதவை 45 நாளுக்கு ஒருமுறை அறுவடைக்கு வரும். ஒரு மிதவையில் ஈரப்பாசி இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கிக் கரை சேர்த்த தோளை மறுநாள் ஸ்மாஷ் அடிக்கச் சொல்வது கொடுமை.

அமெரிக்காவில் மேட்ச் அன்று எடை தூக்க வைக்கும் பள்ளிகள் உண்டு. ஜிம் மாஸ்டர் அதையும் சொல்லியிருக்கலாம். அவர்கள் சூழ்நிலை வேறு. அங்கே பள்ளியிலேயே எடைப்பயிற்சிக் கூடம், அதற்குத் தனிப் பயிற்சியாளர், சில பள்ளிகளில் அதற்கென்று பாடவேளையே இருக்கிறது. அவர்களுடைய ஃபுட்பால் ஆட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில், வாரத்துக்கு ஒன்று. பாஸ்கெட்பாலில், பேஸ்பாலில் வாரம் இரண்டு மூன்று ஆட்டங்கள் மாதக்கணக்கில் நடக்கும். ஆட்ட நாட்களை எல்லாம் விட்டுவிட்டால் எடை தூக்க நாளே இருக்காது. ஓய்வு நாளில் தூக்கினால் அது ஓய்வு நாளாக இருக்காது. அதனால் கடினமானதைக் கடினமான நாளோடு சேர்த்துவிட்டு, ஓய்வை ஓய்வாக விடுகிறார்கள். அந்த யோசனை நல்ல யோசனை. நம் பள்ளிப் போட்டியோ குறுவட்டம், மாவட்டம் என்று ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பெரும்பாலும் காலையிலேயே தொடங்கும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போக வேண்டுமென்றால் நீ விடியுமுன்னே பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஜெயித்தால் அன்றைக்கே அடுத்த ஆட்டம், அதிலும் ஜெயித்தால் இன்னொன்று. அந்த நாளில் எடை தூக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு மூன்று நாள் முன்னாலேயே உன் கடைசித் தூக்கை முடித்துக்கொள். வாரம் ஒருமுறை கனமாகத் தூக்கினாலே வந்த பலம் பல வாரம் நிற்கும், ஒரு காலை விட்டால் கரைந்துபோகாது.

மின்னொளிக் கபடிக்கு ஒரு வார்த்தை. அங்கே எத்தனை ஆட்டம், கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை வரை நடக்கும். அந்தப் பகலில் தூங்கு. அதுதான் அன்றைய பயிற்சி.

அதோடு சேர்ந்த இன்னொன்று எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது. 60 கிலோ பிரிவில் ஆட, 61.5 இருக்கிற பிள்ளை முந்தின நாளிலிருந்து தண்ணீரை நிறுத்துகிறான். பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறான். வியர்வை போகட்டும் என்று காலையில் ஜிம்முக்கும் போகிறான். உடம்பு எடையில் இரண்டு சதவீதம் நீராகப் போனாலே ஆட்டம் தளர ஆரம்பிக்கும். 60 கிலோவுக்கு அது 1.2 கிலோதான். நம் கரையில் காற்றிலேயே ஈரம் நிற்கிறது, வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது, அதனால் உடம்பு குளிராது. அந்த நிலையில் பாரைத் தோளில் வைத்தால் தலைசுற்றி விழலாம். வெயிலில் ஓடினால் உயிருக்கே ஆபத்து வரலாம். எடை கூடுதலாக இருந்தால் மேல் பிரிவில் ஆடு. தோற்றாலும் பரவாயில்லை. இதை உன் நண்பர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால், இல்லை என்று தைரியமாகச் சொல். சரியான முறையில், பார்த்துக்கொள்ள ஆள் வைத்துத் தூக்கினால் வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆளில்லாமல் தூக்குவதும், யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவதும்தான் பிள்ளைகளின் முதுகைக் கெடுக்கிறது.

பலத்தைச் சேர்க்க உனக்கு நல்ல காலம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதில் பாதி நாள் பள்ளியும் விடுமுறை. போட்டி எதுவும் பெரிதாக இல்லை. வாரம் மூன்று நாள் முறையாகத் தூக்கு. பாதியில் வலி வந்தாலும் அப்போது பரவாயில்லை, இழக்க ஆட்டம் இல்லை. மேட்ச் நாள் காலையில் தேடும் பலம் இந்த அறுபது நாளில் சேர்ந்திருக்க வேண்டும்.

சரி, மாலை நான்கு மணிக்கு ஊரிலேயே ஒற்றை ஆட்டம். வலைக்குப் போகவில்லை. இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறாய். அப்போது என்ன செய்வது? ஏழரைக்கு இட்லியோ, உப்புப் போட்ட கஞ்சியோ சாப்பிடு. ஒன்பதரைக்கு ஜிம். வெறும் பாரோடு எட்டு ஸ்குவாட், பிறகு பாதி எடையில் நான்கு. அதன்பின் நீ ஒழுங்கான முறையில் ஐந்து தடவை எடுக்கும் எடையை வைத்து இரண்டு தடவை மட்டும். மூன்று நிமிடம் உட்கார். மறுபடி இரண்டு. இன்னொரு முறை இரண்டு. மொத்தம் ஆறே தூக்கு. கீழே போவது நிதானமாக, எழுவது முடிந்த வேகத்தில். பாரைத் தாங்கிக்கொள்ள மாஸ்டர் பின்னால் நிற்க வேண்டும். இன்னும் நாலு எடுக்கலாம் போல இருக்கும். அந்த ஆசையோடே வெளியே வந்துவிடு. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) வேண்டாம், முன்கைப் பயிற்சி அறவே வேண்டாம். பிடி போட வேண்டிய கை அது. பன்னிரண்டரைக்குச் சோறு, காரம் குறைத்த மீன்குழம்பு. பொரித்தது வேண்டாம். மைதானத்தில் வார்ம்-அப் முடிவில் முழு வேகத்தில் நாலு குதிப்பு, மூன்று சின்ன ஓட்டம். பி.டி. சாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய். மறைத்துச் செய்யாதே. அவர் வேண்டாம் என்றால் அவர் பேச்சைக் கேள். இதில் கிடைக்கும் நன்மை சிறியது, அணிக்குள் அவருக்கும் உனக்கும் நடுவே இருக்கும் நம்பிக்கை பெரியது.

இது உன் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று போட்டி இல்லாத நாளிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு சாக்கட்டி போதும். வீட்டுச் சுவரோரம் நின்று கையை மேலே நீட்டி ஒரு கோடு போடு. விரலில் சாக்கைத் தடவிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து மூன்று தடவை எகிறித் தொடு. அதில் உயரமானதைக் குறித்துக்கொள். ஒரு வாரம் காலையில் இந்த ஆறு தூக்கை எடுத்துவிட்டு மாலை நான்கு மணிக்குத் தொட்டுப் பார். அடுத்த வாரம் அதே கிழமையில் தூக்காமல் அதே நேரத்தில் தொட்டுப் பார். இப்படி மாற்றி மாற்றி ஆறு வாரம். தூக்கிய நாட்களில் கோடு மேலேயோ சமமாகவோ இருந்தால் செய்யலாம். பெரும்பாலும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் உன் உடம்பு இன்னும் தயாராகவில்லை. கோடுகளைச் சென்டிமீட்டரில் அளந்து, முந்தின நாள் எத்தனை பாடு இழுத்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. எந்த எடையில், எத்தனை தடவை என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.